ஜன்னலில் தொங்கிய பிசிறு

என் சட்டைப் பையில், பேனா வைக்கிற இடத்தில், எப்போதும் ஒரு டிரிம்மர் இருக்கும். டிரிம்மர் என்றால் விரல் நீளக் கத்தரி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர்களுக்கு அது இல்லாமல் கை ஓடாது. தைத்து வரும் துணியில் எங்கேயாவது நூல் நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பிசிறு என்று பெயர். ஒரு பிசிறு போதும், பீஸ் திரும்பி வந்துவிடும். இருபது வருடமாக நான் பிசிறு வெட்டுகிறேன். பிள்ளைகளே, இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு முறை டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் சட்டையில் தொங்கிய நூலை அவருக்கே தெரியாமல் வெட்டினேன். அவருடைய பொத்தான் கழன்று என் கையில் விழுந்தது. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டேன்.

இப்படிப்பட்ட ஆள் இருக்கிற வீட்டிலிருந்துதான் என் மகள் கட்டடக் கலை படிக்கப் போனாள்.

மூன்றாம் வருடத்தில் அவளுடைய கல்லூரியில் ஒரு போட்டி. வெயிலையும் காற்றையும் பார்த்து, கரண்ட் அதிகம் இழுக்காத கட்டடம் ஒன்றை வடிவமைக்க வேண்டும். முதலில் வருகிறவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். மற்றவர்கள் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எடுத்துக்கொண்டார்கள். இவள் எடுத்தது லைன் வீடு. கம்பெனி ஆட்கள் குடியிருக்கிற, வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். எங்கள் வீடும் அதுதான். மேலே சிமெண்ட் ஷீட். சித்திரை மாத மத்தியானத்தில் உள்ளே படுத்தால் அயர்ன் டேபிளில் படுத்த மாதிரி இருக்கும்.

அவள் அட்டையில் செய்த மாடலில் பன்னிரண்டு அறைகள். மண்கல் சுவர். இரண்டு அடுக்குக் கூரை, நடுவில் கட்டிங் வேஸ்ட் துணி. ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிராக இரண்டு ஜன்னல். ஒரு மாதம் அதிலேயே கிடந்தாள். முடித்த அன்று என்னை உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினாள். நானும் "சரி கண்ணு, சரி கண்ணு" என்று தலையாட்டினேன். தலைதான் ஆடியது. சாம்பாரில் உப்பு குறைவு என்று வீட்டுக்காரியிடம் சொல்லலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

போட்டி நாள் காலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். பேக்கிங் என் பொறுப்பு. எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டி கொண்டுவந்திருந்தேன். மாடலைத் தூக்கும்போது பார்த்தால், ஜன்னலுக்கு ஜன்னல் வெள்ளை நூல் தொங்குகிறது! இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை ஃபினிஷிங்கில் கோட்டை விட்டுவிட்டதே என்று எனக்குப் பரிதாபமாகப் போய்விட்டது. இருபத்து நான்கையும் ஒட்ட வெட்டினேன். வாசலில் குப்பை வண்டி நின்றது. கூட்டி அள்ளி அதில் போட்டுவிட்டு, பெட்டியை மூடி டேப் ஒட்டினேன்.

கோயமுத்தூர் பஸ் அவிநாசியைத் தாண்டியது. மடியில் பெட்டியோடு அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். போனதும் முதலில் காட்ட வேண்டியது அவளுடைய மாடல்தான். தைரியம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"பயப்படாத கண்ணு. நானே செக் பண்ணித்தான் உட்டிருக்கறேன். ஒரு பிசிறு கெடையாது."

"என்ன பிசிறுங்கப்பா?"

"அதான், ஜன்னல்லயெல்லாம் நூல் தொங்கிட்டு இருந்துச்சே."

அவள் டேப்பைக் கிழித்து உள்ளே பார்த்தாள்.

"அப்பா, அதுதானுங்கப்பா காத்து!"

எனக்குப் புரியவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். முன்னால் ஃபேன் வைத்தால் நூல்கள் ஆடும். காற்று எந்த ஜன்னலில் நுழைந்து எதில் வெளியேறுகிறது என்று நடுவர்கள் கண்ணால் பார்க்கலாம். நூல் இல்லாவிட்டால் அது வெறும் அட்டை.

"நேத்தே சொன்னனுங்களே. சரி சரின்னீங்க."

ஓடுகிற பஸ்ஸில் நூலுக்கு எங்கே போவேன்? அப்போதுதான் நான் போட்டிருந்த பனியன் ஞாபகம் வந்தது. சட்டையைத் தூக்கி, பனியனின் கீழ் மடிப்பை டிரிம்மரால் அறுத்து, முனையைப் பிடித்து இழுத்தேன். பின்னல் துணியல்லவா, வரிசை வரிசையாகப் பிரிந்து வந்தது. பக்கத்து சீட்டு அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, அரிப்புங்களா?"

"இல்லீங்க, புள்ளைக்குப் பரீட்சைங்க."

"பரீட்சைக்கு எதுக்குங்க பனியனைப் பிரிக்கோணும்?"

"ஜன்னலுக்குக் காத்து வேணுமுங்க."

அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு முன்சீட்டுக்குப் போய்விட்டார்.

மகளின் பையில் பசை இருந்தது. பஸ் குலுங்கக் குலுங்க ஒட்டினாள். பின்னலிலிருந்து பிரித்த நூல் நேராகத் தொங்காது. சுருட்டை முடிபோல் நெளிந்து நிற்கும்.

"இது ஆடுமாங்கப்பா?"

எனக்குத் தெரியவில்லை. இருபது வருடமாக வெட்டத்தான் கற்றிருந்தேன்.

கல்லூரியில் நான் வெளியே ஜன்னலோரம் நின்றேன். மூன்று நடுவர்கள். டேபிள் ஃபேனைப் போட்டார்கள். ஒரு நூலும் அசையவில்லை. மகள் ஃபேனைக் கொஞ்சம் கிட்டே இழுத்தாள். முதல் அறை நூல் உள்பக்கம் நெளிந்தது. எதிர் ஜன்னல் நூல் வெளிப்பக்கம் நீண்டு துள்ளியது. பிறகு வரிசையாக எல்லாமே துள்ளின.

"நூல் ஏன் இப்படிச் சுருண்டிருக்கு?" என்றார் ஒரு நடுவர்.

"அதோ நிக்கறாருங்களே, எங்கப்பா. அவரோட பனியனுங்க சார்."

நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்குவதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நடந்ததை மகள் ஒன்று விடாமல் சொன்னாள். சிரித்து முடித்த பிறகு அந்த நடுவர் என்னிடம் கேட்டார்.

"நீங்க லைன் வீட்லதான் இருக்கீங்களா? மத்தியானம் எப்படி இருக்கும்?"

"லீவு நாள்லயும் கம்பெனிக்கே போயிரலாம்னு இருக்குமுங்க."

அதற்கு அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் அவள் பெயரை முதலாவதாகப் படித்தார்கள். நான் கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டினேன். சட்டை ஏறி, மீதிப் பனியன் நெஞ்சுக்குக் கீழே கிழிந்து தொங்கியது சபைக்கே தெரிந்ததாம்.

திரும்பும் பஸ்ஸில் பெட்டியை என் மடியில் வைக்குமுன் அவள் கையை நீட்டினாள்.

"டிரிம்மரைக் குடுங்கப்பா."

கொடுத்தேன். பெட்டியின் மேல் அவளுடைய மெடல். நீல ரிப்பன். அதன் ஓரத்தில் ஓர் அங்குல நூல்.

வெளியே பார்த்தேன். கண்டக்டரைப் பார்த்தேன். திரும்பவும் ரிப்பனைப் பார்த்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கருமத்தம்பட்டி வந்தபோது அவள் என்னையே பார்ப்பது தெரிந்தது. பையைத் திறந்து டிரிம்மரை எடுத்துக் கொடுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணுங்கப்பா. பொட்டிக்குள்ள இருக்கற ஊட்டைத் தொடக்கூடாது."