ஐந்து வகைப் புளிச்சோறு

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். எனக்குத் தாய் வீடு இருந்தது. தாய்தான் இல்லை. அப்பா இதைக் கூரையில் ஓர் ஓடு உடைந்த மாதிரிதான் எடுத்துக்கொண்டார். தானே ஏறிச் சரிசெய்துவிடலாம் என்று நம்பினார்.

அம்மா இறந்தபோது எனக்கு நான்கு வயது. கிணத்துக்கடவுக்கு மேற்கே, தோட்டத்துக்குள் இருந்த எங்கள் வீட்டின் தெற்கு அறையில், இரண்டாவது பிரசவத்தில் போய்விட்டாள். தம்பியும் தங்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அறையில் பருத்தி அடைத்தார்கள், நிலக்கடலை கொட்டினார்கள். மனிதர் யாரும் படுக்கவில்லை. அப்பா மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னையும் மாடுகளையும் வளர்த்தார். இரண்டு வளர்ப்புக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததாக என்னால் சொல்ல முடியாது. மாடுகளும் நன்றாகவே இருந்தன.

அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகிப் பீளமேட்டுக்கு வந்தேன். கணவருக்கு மில்லில் வேலை. சங்கு ஊதினால் போவார், சங்கு ஊதினால் வருவார். நடுவில் அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வீட்டை நடத்தியது மாமியார். நல்ல மனுஷி. அது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தார்.

நான் முழுகாமல் இருக்கிறேன் என்று அப்பாவுக்குக் கார்டு போட்டோம். நான்காம் நாள் பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார், தோளில் ஒரு மூட்டை பருத்திக்கொட்டையோடு.

மாமியார் மூட்டையைப் பார்த்தார். "ஏனுங்கண்ணா, எங்கூட்டுல மாடு இல்லீங்களே?"

"புள்ளைக்குத்தானுங்க அம்மணி. ஆட்டிப் பாலெடுத்துக் கருப்பட்டி போட்டுக் குடுங்க. போன வருசம் எங்க செவலைக்கு இந்தக் கொட்டையத்தான் வெச்சேன். நோவே தெரியாமக் கன்னு போட்டுச்சுங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, "தீனி நல்லா எடுக்கறீங்களா கண்ணு?" என்று கேட்டார். மாமியார் அடுப்படிக்குள் போய்விட்டார். அங்கே அவருக்கு அப்போது வேலை ஒன்றும் இல்லை.

அப்பாவுக்குத் தெரிந்த பிரசவமெல்லாம் தொழுவத்தில் நடந்தவை. அவர் கைபட்டு ஒரு மாடும் செத்ததில்லை. வீட்டுக்குள் நடந்த அந்த ஒன்றில்தான் அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். ஆம்பளைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார்களாம். நின்றார். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. ஊரார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிறக்கும்வரை குழந்தைக்கென்று ஒரு நூல்கூட வாங்கக் கூடாது என்பது மாமியார் சட்டம். வாங்கினால் கண் படும். பழந்துணி சேர்க்கலாம், அது வாங்குவதில் சேராது. அப்பா சட்டத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார். அடுத்த முறை வரும்போது தன் வேட்டிகளையெல்லாம் துவைத்து, முழம் முழமாகக் கிழித்து, மடித்து அடுக்கிக் கொண்டுவந்தார். இடுப்பில் இருந்தது ஒன்றுதான் மிச்சம்.

"கட்டியிருக்கறதும் நல்லா நைஞ்சுதான் இருக்குதுங்க" என்றார் மாமியார்.

அப்பாவுக்குக் கேலி புரியாது. "அத அடுத்த வாட்டி கொண்டாறனுங்க" என்றார்.

நடுநடுவே கார்டு வரும். எல்லாம் ஒரே மாதிரி. 'இவ்விடம் அனைவரும் சுகம்' என்று தொடங்கும். அனைவரும் என்றால் அவரும் மூன்று மாடுகளும். 'தெற்கு அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று' என்று ஒரு கார்டு. அடுத்ததில், 'தெற்கு அறைக்கு ஜன்னல் வைத்தாயிற்று. மறுபடி சுண்ணாம்பு அடித்தாயிற்று.' அதற்கும் அடுத்ததில், 'ஜன்னலைப் பெரிதாக்கியாயிற்று. சுண்ணாம்பு அடித்தாயிற்று.'

கணவர் படித்துவிட்டு, "உங்கப்பா புள்ளைக்கு ரூம்பு ரெடி பண்றாரா, கோயிலு கட்டறாரா?" என்றார். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

அந்த அறையை நினைத்து எனக்குப் பயம் இல்லையா என்றால், இருந்தது. வயிற்றுக்குள் குழந்தை புரளும்போதெல்லாம் அம்மாவுக்கும் இப்படித்தானே புரண்டிருக்கும் என்று தோன்றும். ஆனாலும் போக வேண்டும் என்றிருந்தது. மாமியார் வீட்டில் யாராவது உள்ளே வந்தால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். அப்பா வீட்டில் கால் நீட்டிப் படுத்திருக்கலாம், வருகிறவர்கள் தாண்டிக்கொண்டு போவார்கள். நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் மாதம் கட்டுச்சோறு. பெண் வீட்டார் ஐந்து வகையோ ஏழு வகையோ சோறு கிளறிக் கட்டி எடுத்துவந்து, மாப்பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் விருந்து போட்டு, பெண்ணை அன்றைக்கே கையோடு பிரசவத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அம்மாக்காரி முன்னால் நின்று செய்கிற காரியம். சொந்தத்தில் பெண்களைக் கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பார்கள். அப்பா கூப்பிடவில்லை. தானே சமைத்து, ஐந்து தூக்குப்போசிகளில் நிரப்பி, மூடிகளைத் துணியால் இறுகக் கட்டிக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் வீதிப் பெண்கள் எனக்கு வளையல் அடுக்கினார்கள். மாமியார் போசிகளைத் திறந்தார்.

"இது புளிச்சோறுங்களா?"

"ஆமாங்க."

இரண்டாவதைத் திறந்தார். "இதும் புளிச்சோறாட்டந்தான் இருக்குது."

"அதுல கடலை போட்டிருக்குதுங்க."

மூன்றாவதில் எள்ளுப்பொடி போட்டிருந்தது. நான்காவதில் கறிவேப்பிலை கூடுதல். ஐந்தாவதை அப்பாவே சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "இது காரமில்லாத புளிச்சோறுங்க" என்றார். "கொழந்தைகளுக்கு."

வீதிப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். முறை ஐந்து வகை என்றது, ஐந்து வகை வந்திருந்தது. மாமியார் ஐந்திலும் ஒவ்வொரு கரண்டி போட்டுக்கொண்டு, ஐந்தையும் வெவ்வேறு சோறுபோல முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தார். அவர் நல்ல மனுஷி என்று சொன்னேனே, அது எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

என் பை கதவோரம் தயாராக இருந்தது. இராகு காலத்துக்கு முன்னால் படி இறங்க வேண்டும். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டார். அதையும் குடித்தார்.

"ஏனுங்கண்ணா, நேரமாவுதுங்களே. புள்ளையக் கூட்டிக்கிட்டுக் கெளம்புங்க."

அப்பா சொம்பைக் கீழே வைத்தார். "கண்ணு இங்கியே இருக்கட்டுமுங்க அம்மணி."

வீதிப் பெண்கள் வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டார்கள்.

"கட்டுச்சோத்தப் போட்டுப்போட்டுப் புள்ளைய உட்டுட்டுப் போற அப்பன நாம் பாத்ததில்லீங்க" என்றார் மாமியார். "எங்கள எதுக்குங்க வீதில தலகுனிய வெக்கறீங்க?"

எனக்கு அப்பாமேல் வந்த ஆத்திரத்தில் மாமியாரை முந்திக்கொண்டு நானே கேட்டேன். "கூட்டிக்கிட்டுப் போறதுக்கு இஷ்டமில்லீன்னா சோத்த மட்டும் எதுக்குங்கப்பா கொண்டாந்தீங்க?"

"சோறு கொண்டாறது மொறைங்க கண்ணு."

"கூட்டிக்கிட்டுப் போறது மொறையில்லீங்களா?"

அவர் ஐந்து வெறும் போசிகளையும் கோத்து எடுத்துக்கொண்டு படி இறங்கினார். வீதி முனை திரும்பும்வரை அவை ஒன்றோடொன்று இடிபடும் சத்தம் கேட்டது.

நான் அழுதேன். கோபத்தில் அழுகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். அது பொய். அப்பாவுக்கு நான் பாரமாகிவிட்டேன் என்று நினைத்துத்தான் அழுதேன். மறுநாள் ஒரு கார்டு எழுதினேன்: 'இனி வர வேண்டாம். கார்டும் போட வேண்டாம்.' அப்பா சொன்ன பேச்சைக் கேட்பவர். கார்டு வரவில்லை. மாமியார் என்னை எதுவும் கேட்கவில்லை. நான் எழுந்து நிற்கப் போனால் மட்டும், "உக்காருங்க, உக்காருங்க" என்று எரிந்து விழுந்தார்.

பதினோராம் நாள் அப்பா வந்து வாசலில் நின்றார். தலைமுடியில் சுண்ணாம்பு.

"ஊட்டுக்குப் போலாமுங்க கண்ணு. கெளம்புங்க."

"எந்த ஊட்டுக்கு?"

"நம்மூட்டுக்குத்தானுங்க. ஆர்.எஸ்.புரத்துல இருக்குது."

ஒரு லேடி டாக்டரின் சின்ன ஆஸ்பத்திரிக்கு ஒட்டினாற்போல, ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார். "செவுத்துக்கு அக்கட்டால டாக்டரம்மா. நாம இருமுனா அவியளுக்குக் கேக்குமுங்க. கேட்டுப் பாத்துட்டேன்" என்றார். கேட்டது வாயாலா, இருமியா என்று நான் விசாரிக்கவில்லை.

மாமியார் நம்பவில்லை. வாடகை வீடு எப்படித் தாய் வீடாகும்? நேரில் பார்த்தால்தான் அனுப்புவேன் என்று குதிரை வண்டி பிடித்துக் கூடவே வந்தார். போய்ப் பார்த்தோம். ஒரு அறை, ஒரு அடுப்படி. இரண்டும் கண் கூசும் வெள்ளை. கயிற்றுக் கட்டில். கிழித்த வேட்டிகளில் மிச்சமானதில் தலையணை உறை. வெளியே வேப்பமரத்தில் கட்டிய செவலை மாடு. ஆர்.எஸ்.புரத்தில் அப்போது மாடு அபூர்வமில்லை, வாடகைக்குக் குடிவந்த மாடுதான் அபூர்வம். வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டைச் சொல்லாமல் ஆளை மட்டும் சொல்லித்தான் அப்பா வீடு பிடித்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. தினம் அரைப்படி பாலில் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அப்பா இலை போட்டார். மாமியார் ஒரு வாய் எடுத்து வைத்தார்.

"இது எத்தனாவது வகைங்கண்ணா?"

"மொத வகைங்க."

மாமியார் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "அடுப்பெரியுது, பொறந்த ஊட்டு மாடு நிக்குது. இதுக்கு மேல என்னுங்க வேணும்?" என்று சொல்லிவிட்டு என் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

நான் நான்கு நாள் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகத் தோட்டத்தைப் பண்ணையாளிடம் விட்டுவிட்டு வந்திருந்த மனிதர், காலையில் பால் கறந்தார், பருத்திக்கொட்டை ஆட்டினார், மத்தியானம் வேப்பமரத்தடியில் மாட்டைத் தடவிக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் மத்தியானம் நானே போய்க் கேட்டேன்.

"தெக்கு ரூம்பு என்னாச்சுங்கப்பா? ஜன்னலெல்லாம் வெச்சீங்களே?"

"எல்லாம் முடிஞ்சுதுங்க. கட்டுச்சோத்துக்கு மொத நாளு கட்டலக் கொண்டுபோயிப் போட்டேன். செரியா இருக்குதான்னு நானே ஒருக்காப் படுத்துப் பாத்தனுங்க."

"அப்பறம்?"

"எந்திரிக்க முடியலீங்க கண்ணு." மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னார். "செவுத்த வெளுத்தேன், ஜன்னல வெச்சேன். மேல பாத்தா அதே மோட்டுவள. உங்கம்மா அதத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்திருப்பா. நான் வெளிய நின்னுட்டிருந்தேன். இன்னொருக்கா அங்க நிக்க எனக்குத் தெம்பில்லீங்க."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"கட்டுச்சோத்தன்னைக்கு அந்தப் பேச்செல்லாம் பேசலாமுங்களா? நல்ல காரியத்துல."

பெண்ணை அழைத்துப் போகாமல் விடலாமாம், அபசகுனமாகப் பேசத்தான் கூடாதாம். எனக்கு வந்த கோபத்தில் அவரைத் திட்டினேன், பத்து நிமிஷம் விடாமல். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். திட்டி முடித்து மூச்சு வாங்கியபோது ஒரு டம்ளர் பால் கொடுத்தார். குடித்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் விட்டது என்று எழுத ஆசை. விடவில்லை. அதைப் பங்கு போட்டுக்கொள்ள ஓர் ஆள் கிடைத்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வலி எடுத்தது. அப்பா சுவரைத் தட்டவில்லை, இருமவும் இல்லை. என்னைப் பிடித்துக்கொண்டு நடந்தே அடுத்த வாசலுக்குக் கூட்டிப்போனார். தகவல் போய் மாமியாரும் வந்து சேர்ந்தார். கணவர் ஷிப்டில் இருந்தார். ஆயா கதவைச் சாத்துவதற்கு முன்னால் அப்பாவைப் பார்த்து, "ஆம்பளைங்க எல்லாம் வெளிய நில்லுங்க" என்றாள். அப்பா நின்றார். கதவு மூடும்போது அவருடைய முகத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. மேலே பார்த்தேன். அங்கே மோட்டுவளை இல்லை, சமதளமான காரைக் கூரைதான் இருந்தது. பெண் பிறந்தது. அழுதது. நானும் உயிரோடு இருந்தேன்.

நர்ஸ் குழந்தையை அப்பாவின் வேட்டித் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். கதவு திறந்தே கிடந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"பெத்த பொண்ணோட அம்மா யாருங்க? வந்து வாங்கிக்குங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது மாமியார். 'அம்மா இல்லாத புள்ளைங்க, நாந்தான் மாமியா' என்று சொல்லி அவர் கையை நீட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நீட்டுகிற உரிமை அவருக்கு இருந்தது.

"நானுங்க" என்றது அப்பாவின் குரல்.

"நீங்களா?"

"நாந்தானுங்க."

நர்ஸ் யோசித்திருக்க வேண்டும். பெஞ்சு கிறீச்சிட்டது, மாமியார் எழுந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"அவருதானுங்க அம்மா" என்றார். "அவருகிட்டக் குடுங்க."