படிக்காமல் டவுன்லோடு செய்த நாள்

1. டோல்கேட்டில் வந்த போன்

சரஸ்வதி பூஜை அன்று காலை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ், விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. என் மடியில் ஒரு கூடை சாமந்தி. எங்கள் பள்ளி நூலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கு மாலை போடுவதற்காக வாங்கியது. அப்போதுதான் அந்த போன் வந்தது.

"மேடம், டேட்டாபேஸ் கம்பெனியிலேர்ந்து கார்த்திக் பேசுறேன். இன்னிக்கோட உங்க ட்ரையல் முடியுது, ஞாபகம் இருக்கா?"

"நாளைக்குத்தானப்பா?"

"இன்னிக்கு ராத்திரியோட க்ளோஸ் மேடம். யூஸேஜ் ரிப்போர்ட் நேரா ஸ்பான்சருக்குப் போயிடும். ஆனா..." தயங்கினான். "உங்க ஸ்கூல் டவுன்லோட விரல் விட்டு எண்ணிடலாம் மேடம். அதுலயும் பாதி நீங்களே பண்ணது."

"ஐயையோ!" என்று பஸ் என்றும் பாராமல் கத்திவிட்டேன். பக்கத்து சீட் அம்மா, "இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று பதறினார். "ஒண்ணுமில்லைங்க, டேட்டாபேஸ்" என்றேன். அவர் அதை ஏதோ ஒரு வியாதி என்று எடுத்துக்கொண்டு, "கும்புட்டுக்கோ, சரியாயிடும்" என்றார்.

நூலக வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு விளக்கம். கூகுளில் ஓர் ஆராய்ச்சியைத் தேடினால் பல நேரம் தலைப்பையும் நாலு வரியையும் காட்டிவிட்டு, மீதியைப் படிக்கப் பணம் கேட்கும். ஆன்லைன் டேட்டாபேஸுக்கு நூலகம் சந்தா கட்டிவிட்டால் அந்தக் கட்டுரைகள் முழுதாகத் திறக்கும். பயிர், நோய், நிலா, முதலை என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் எடுக்கலாம். பெரிய கல்லூரிகளில் இருக்கும். எங்களுடையதைப் போன்ற அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் இருப்பது அபூர்வம்.

எங்களுக்கு அது வந்தது ஏழுமலை என்ற பழைய மாணவரால். ஹைவேயில் ஓட்டல் நடத்துகிறவர். நூலகத்துக்கு ஏதாவது செய்கிறேன் என்று வந்தார். பீரோ கேட்பேன் என்று நினைத்திருப்பார். நான் டேட்டாபேஸ் கேட்டேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு மாசம் ட்ரையல் வுடுங்க மேடம். புள்ளைங்க எடுத்துப் படிச்சா வருசா வருசம் நான் கட்றேன். படிக்கலன்னா வேணாம். ஆளு வராத ஓட்டலுக்கு அடுப்பு எதுக்கு?"

நியாயமான மனிதர். ஆனால் அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னேன். "இது பரிச்சைக்கு வருமா மேடம்?" என்பார்கள். வராது என்றதும் முகம் அணைந்துவிடும். நந்தினி என்ற ப்ளஸ் ஒன் பெண் மட்டும் விடாமல் வருவாள். காணையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவள். அவள் அப்பா போட்ட மல்லாட்டையில் (எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பேர்) இலையெல்லாம் புள்ளி விழுந்து கொட்டிவிட்டது. அதைத்தான் அறிவியல் கண்காட்சிக்கு எடுத்திருந்தாள். ஒரு மாணவியை வைத்துக்கொண்டு ஓட்டல் அடுப்பு எரியுமா?

2. சாமி எதிரில் வைத்தது

நான் போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்திருந்தது. எங்கள் பள்ளியில் பூஜை அன்றே ஹாஸ்டல் பிள்ளைகளையும் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளையும் வரவழைத்து, நூலகத்தில் வைத்துத்தான் பூஜை. தலைமையாசிரியர் நாலு கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். மவுஸ்கள் நாலும் வாழையிலையில் வரிசையாகப் படுத்திருந்தன. பக்கத்தில் பொரி, அவல், சுண்டல்.

தெரிந்த விஷயம்தான். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுக்கவேண்டும். அதுவரை ஓர் எழுத்துப் படிக்கக் கூடாது. வருடத்தில் இந்த ஒரு விதியைத்தான் எங்கள் பிள்ளைகள் மனதாரக் கடைப்பிடிப்பார்கள்.

இன்றோடு ட்ரையல் முடிகிறது என்று நான் சொன்னதும் நந்தினி ஓடிவந்தாள். "மேடம், நாளைக்கு டேட்டாபேஸ் இருக்காதாமே? நான் மல்லாட்டை கட்டுரை ரெண்டு இன்னும் எடுக்கவே இல்லியே! நாளைக்குப் பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன்." கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

"சார், ஒரு கம்ப்யூட்டரை மட்டும் ஆன் பண்ணிக்கலாமா?" என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன்.

"இன்னாங்க மேடம், சாமி எதிர்ல வெச்சதப் போயி! நீங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, உங்களுக்குத் தெரியாது."

"இத்தனை வருசம் சுண்டல் தின்னுருக்கேன் சார். தெரியும்."

தமிழய்யா சுண்டலை வாயில் போட்டபடியே யோசித்தார். எங்கள் பள்ளியில் எந்த வழக்குக்கும் தீர்ப்பு சொல்பவர் அவர்தான். "சார், படிக்கறதுதான் கூடாது. எடுத்து வெக்கறதுல இன்னா தப்பு? நெல்ல அறுத்துக் களத்துல கொட்றது வேற, பொங்கித் தின்றது வேற இல்லியா? டவுன்லோடு பண்றது அறுப்பு. படிக்கறதுதான் சாப்பாடு."

தலைமையாசிரியர் விடவில்லை. "தேடணும்னா கீபோர்டுல எழுதணுமே?"

"தட்டறது எழுத்துல சேராது சார். அது விரலுக்குப் பயிற்சி."

"சரி, தலைப்பு? தலைப்பைப் படிக்காம எப்படி எடுப்பாங்க?"

இதற்குத் தமிழய்யா இன்னொரு பிடி சுண்டல் எடுத்துக்கொண்டார். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல், "லைப்ரரி மேடம் படிச்சு சொல்லட்டும் சார், அவங்களுக்குத்தான் தோஷமில்லியே!" என்றது. எல்லார் முகமும் மலர்ந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. "அதெல்லாம் முடியாது. இந்த ரூமுல எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்றுவிட்டேன். அது அறிவான பேச்சா என்று இன்றுவரை தெரியவில்லை. அன்று நான் முரண்டு பிடிக்காமல் தலைப்புகளைப் படித்துச் சொல்லியிருந்தால் பின்னால் வந்த ரகளை எதுவும் நடந்திருக்காது.

வழி கண்டுபிடித்தவள் நந்தினிதான். தேடினால் வரும் பக்கத்தில் தலைப்புகள் எல்லாம் இடது பக்கம். டவுன்லோடு பட்டன் சிவப்பாக வலது பக்கம். இடது பக்கத்தை ஒரு சார்ட் அட்டையால் மறைத்துவிட்டால் பட்டன்கள் மட்டும் தெரியும். கண்ணும் கெடாது, சாமியும் கோபிக்காது.

3. பார்சல்

வாழையிலையிலிருந்து மவுஸை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, நந்தினி ஆரம்பித்தாள். "எல்லாரும் கண்ண மூடுங்க!" என்று கத்தி, தேடல் சொல்லைத் தட்டி, அட்டையை வைத்ததும் "தொறங்க!" என்றாள். பிறகு டப் டப் டப் என்று வரிசையாக அமுக்கிக்கொண்டே போனாள். எந்தக் கட்டுரை எது என்று தெரியாததால் ஒன்றையும் விடமுடியவில்லை.

ஒரு மாதம் நான் தொண்டை கிழியக் கத்தியும் திரும்பிப் பார்க்காத பிள்ளைகள், இன்றோடு மூடிவிடுவார்கள் என்று கேட்டதும் பாய்ந்து வந்தார்கள். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி என்றால் சும்மா இருப்பார்களா? மீதி மூன்று கம்ப்யூட்டர்களும் ஆன் ஆயின. "எனக்கு கபடி மேடம்!" "எனக்கு முதலை!" "கரும்பு போடுடா, கரும்பு!" அறை முழுக்கச் சிரிப்பும் சந்தன வாசமும். கண்ணைத் திறந்த ஒருவனை நாலு பேர் பிடித்து, தோப்புக்கரணம் போடவைத்துத்தான் திரும்ப உள்ளே விட்டார்கள்.

தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் தள்ளியே நின்றார். அப்புறம் மெதுவாக என் பக்கத்தில் வந்து, "மேடம், சர்க்கர இருக்கிறவங்க கேப்பக் கூழு குடிக்கலாமா கூடாதான்னு இதுல இருக்குமா? வூட்ல தெனம் இதான் சண்ட" என்றார். அவருக்கும் ஒரு அறுப்பு அறுத்துக் கொடுத்தோம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. யூஸேஜ் எகிறிக்கொண்டிருக்கிறது, ஏழுமலை பார்த்தால் அசந்துபோவார் என்று மிதந்துகொண்டிருந்தேன்.

திடீரென்று நாலு திரையும் ஒரே நேரத்தில் வெள்ளையாகி, நடுவில் சிவப்பாக ஒரு அறிவிப்பு வந்தது. அதைப் படிக்கக் கூடாது என்பதால் யாரும் படிக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் என் சட்டத்தை விடாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"சாமி குத்தம் ஆயிடுச்சி பாத்தீங்களா?" என்றார் தலைமையாசிரியர்.

அதற்குள் கார்த்திக் போனில் வந்துவிட்டான். "மேடம், உங்க ஸ்கூல்ல யாரோ ரோபோ போட்டு அள்றாங்க! சிஸ்டம் அக்கவுண்ட லாக் பண்ணிடுச்சு. ஸ்பான்சருக்கும் மெயில் போயிடுச்சு, முறைகேடுன்னு."

"ரோபோ இல்லப்பா, எல்லாம் எங்க பசங்கதான்!"

"மனுசங்கன்னா ஒரு பக்கமாச்சும் தொறந்து பாப்பாங்களே மேடம்? ஒருத்தர் கூட ஒரு வரி படிக்கல. டவுன்லோடு, டவுன்லோடு, டவுன்லோடு. அதெப்படி?"

"இன்னிக்கு சரஸ்வதி பூஜைப்பா. படிக்கக் கூடாது."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "என் லேப்டாப்பையும் எங்கம்மா பூஜைல வெச்சுட்டாங்க மேடம். போன்லதான் இதெல்லாம் பாத்துக்கினு இருக்கேன். லாக்க எடுக்கணும்னா லேப்டாப் வேணும். அம்மா தொடவுட மாட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஒரு மாத உழைப்பு போச்சு என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கார்த்திக் நல்ல பிள்ளை. "நாளைக்குக் காலைல அம்மா எடுத்துக் குடுத்ததும் ஒரு அரை நாளைக்குத் தொறந்துவுடச் சொல்லி மேல கேக்குறேன். நீங்க மனுசங்கதான்னு காட்டிடுங்க மேடம்" என்றான்.

4. மனிதர்கள்தான்

விஜயதசமி காலையில் நான் போனபோது, வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அன்று எதைப் படித்தாலும் மண்டையில் ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நேற்று கபடி கேட்டவன், முதலை கேட்டவள், அவர்களுடைய தம்பி தங்கைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். லாக் எடுத்தாயிற்று என்று கார்த்திக்கிடமிருந்து செய்தி வந்ததும் நாலு கம்ப்யூட்டரையும் மொய்த்துவிட்டார்கள். ஒரு மூலையில் தலைமையாசிரியர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கேழ்வரகைப் பற்றி உதடசைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

ஏழுமலை வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏன் மேடம், ஓட்டலுக்கு வர்றவன் உக்காந்து சாப்புடுவான். உங்க புள்ளைங்க பார்சலா கட்டிக்கினு போயிருக்காங்களே? வாய்ல ஒண்ணு வெக்கலியாமே? நான் இன்னான்னு நெனைக்கறது?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பார்வை உள்ளே போய்விட்டது. மெதுவாக நடந்து நந்தினியின் பின்னால் போய் நின்றார். அவள் டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்து இழுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாப்பா படிக்கற?"

"மல்லாட்ட சார். இலைல புள்ளி வுழுற நோயி. காய்ஞ்ச செடி நெலத்துலயே கெடந்தா அதுலேர்ந்து மறுபடி வருமாம். மல்லாட்ட மேலயே மல்லாட்ட போடக் கூடாதாம், பயிர மாத்தணுமாம். எங்கப்பா மூணு வருசமா அதேதான் போட்டுக்கினு இருக்காரு." எழுந்து நின்றவள் படபடத்தாள். "சார், எங்கப்பாவுக்கு ஒரே ஒரு போன் பண்ணிக்கவா? நாளைக்கு மறுபடி அதையே வெதைக்கப் போறாரு!"

ஏழுமலை தன் செல்போனை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் மூச்சு விடாமல் பேசினாள். அந்தப் பக்கம் அப்பா, "யாரு சொன்னது?" என்று கேட்டது எங்களுக்கே கேட்டது. "யாரும் சொல்லலப்பா, நானே படிச்சேன்!" என்று அவள் கத்தினாள்.

ஏழுமலை என் பக்கம் திரும்பினார். கடுகடுப்பைக் காணோம். "கட்டிர்றேன் மேடம், வருசத்துக்கும். அடுத்த வருசம் மட்டும் பூஜைக்கு முன்னாடியே சாப்ட்டு முடிச்சுடச் சொல்லுங்க" என்றார். சந்தோஷம் தாங்காமல் நான் எல்லார் முன்னாலும் கை தட்டினேன். நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்று பலகை எழுதி மாட்டியவளே நான்தான்.

போன வருடம் நான் ஓய்வு பெறும்வரை அந்தச் சந்தா நிற்கவில்லை. புதிதாக வருகிற நூலகர்களுக்கு நான் சொல்வது இதுதான். எவ்வளவு சொல்லியும் பிள்ளைகள் வரவில்லையே என்று சோர்ந்துபோகாதீர்கள். பயன் என்ன என்று நாம் பிரசங்கம் செய்து அவர்களுக்குப் புரிவதில்லை. அவர்கள் வீட்டுக் கவலை ஒன்று அந்தத் திரையில் அகப்படவேண்டும். மல்லாட்டையோ, கேழ்வரகுக் கூழோ, எதுவானாலும் சரி. அப்புறம் அவர்களை வெளியே அனுப்புவதுதான் நமக்குப் பெரும்பாடாக இருக்கும். நந்தினியின் அப்பா அந்தப் பட்டத்தில் மல்லாட்டையை விட்டுவிட்டு உளுந்து விதைத்தார்.