சுறாப்புட்டும் ஒரு நேர்ச்சையும்

சாப்பாடு மூளைவரை போய் மனசையே மாற்றும் என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். சாந்தோமில் எங்களுக்கு மீன் விற்ற அம்மாளுக்கு அது அப்போதே தெரியும். பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் நடத்திய எனக்குத்தான் தெரியாது.

எங்கள் முதல் குழந்தை தங்கவில்லை. இரண்டாவது நல்லபடியாகப் பிறந்தால் ஈஸ்டர் வரைக்கும் மீனும் கறியும் தொடுவதில்லை என்று என் மனைவி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். தவக்காலத்துக்கு ஒரு வாரம் முன்பு பெண் பிறந்தாள். மாமியார் உயிரோடு இல்லாததால் சமையல் என் தலையில் விழுந்தது. எனக்கு வந்தது கஞ்சியும் துவையலும்தான். பத்தே நாளில் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். குழந்தை அழுதால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டானிக் வாங்கினேன், கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். நேர்ச்சையைத் தளர்த்தித் தருகிறேன் என்று பங்குச் சாமியாரே வந்து சொல்லியும் அவள் அசையவில்லை.

மீன் விற்ற அந்தப் பட்டினப்பாக்கத்து அம்மாளும் எங்கள் கோயில்காரிதான். ஊரையே கேலி செய்கிற வாய். ஒரு நாள் கொல்லைப்பக்கம் கூடையை இறக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தவளுக்குக் கேலி வரவில்லை. என்ன சாப்பிடுகிறாள் என்று என்னிடம் கேட்டாள். கஞ்சியையும் நேர்ச்சையையும் சொன்னேன். நேரே போய்க் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

“அந்த நேர்ச்சைய எங்கிட்ட குடுத்துடு கண்ணு. ஈஸ்டர் வரிக்கும் நான் மீன் துன்ன மாட்டேன். நீ துன்னு. மாதா ஒண்ணியும் சொல்லாது.”

மீன் இல்லாமல் ஒரு வேளை சாப்பிட்டறியாதவள் சொல்கிறாள். என் மனைவி அவளையே வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். அன்றே, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பால்சுறாவை வேகவைத்து உதிர்த்து, பூண்டு தட்டிப்போட்டு, அந்த அம்மாளே புட்டு செய்து ஊட்டினாள். அதன்பின் தினமும் ஏதாவது ஒரு மீன். மூன்றாவது வாரம் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது உள்ளேயிருந்து குரல் கேட்டது.

“குழந்தைய இப்படிக் குடுங்க. அதுக்குப் பசிக்குது.”

கொடுத்துவிட்டு வாசலில் நின்று அழுதேன்.

அதற்குள் மீன்கார அம்மாளின் முகம் சுண்டிவிட்டது. வெறும் கஞ்சியும் வெங்காயமும். கேலி போய், எல்லோரிடமும் எரிந்து விழ ஆரம்பித்தாள். நாள் முழுக்கத் தலையில் மீன்கூடை, வாயில் ஒரு துண்டு இல்லை. அப்படி ஒரு மனுஷியை நான் அதற்குப்பின் பார்த்ததில்லை.

ஈஸ்டர் பூசை முடிந்ததும் பட்டினப்பாக்கம் போனோம். என் மனைவி ஒரு தோளில் குழந்தையும் ஒரு கையில் வஞ்சிரக் குழம்புச் சட்டியுமாக முன்னால் நடந்தாள். அந்த அம்மாள் குடிசை வாசலில் மணலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நாலு கவளம் இறங்கியதும் வெறுங்கையோடு நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னா வாத்தியாரே, அந்தச் சட்டிய நீ தூக்கினு வந்தா கை தேஞ்சிடுமா?”

என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். குழந்தை பிறந்தபின் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.