வெள்ளாங்கண்மாய் முதலை

சாக்கோட்டைப் பக்கம் வெள்ளாங்கண்மாய் முப்பது வீட்டு ஊர். பெரிய கண்மாயின் கரையை ஒட்டியே இருந்ததால் ஊருக்கும் கண்மாய்க்கும் ஒரே பெயர். காரைக்குடி பஸ் அந்தக் கரை வழியாகத்தான் போகும், ஆனால் நிற்காது. ஏற வேண்டுமென்றால் ஒரு மைல் தள்ளியிருக்கும் விலக்கு ரோட்டுக்கு நடக்க வேண்டும்.

பாத்திமுத்துவுக்கு அது பெரிய இடைஞ்சல். அவள் சந்தையில் முட்டை விற்பவள். புருஷன் பினாங்கில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, இருபது கோழிகளை நம்பி மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள். கூடையைச் சுமந்து அந்த ஒரு மைலை நடந்தால் நாலு முட்டையாவது விரிசல் விட்டிருக்கும். டிரைவர் முத்துக்கருப்பனிடம் கேட்டுப் பார்த்தாள். “முப்பது வீட்டுக்கெல்லாம் பஸ் நிக்காதும்மா” என்றுவிட்டான்.

1967 மழைக்காலத்தில் ஒருநாள் அவள் சந்தைக்கு வந்து சேர வெகுநேரம் ஆகிவிட்டது. பக்கத்தில் காய்கறி விற்கும் அழகு, “என்னக்கா, இம்புட்டு நேரங்கழிச்சு வாரீக?” என்றான்.

எரிச்சலில் இருந்த பாத்திமுத்து, “கண்மாய்க்கரையில முதலை படுத்துக் கெடந்துச்சு. அது எந்திரிச்சுப் போகட்டும்னு நின்னேன்” என்றாள்.

அழகு சிரிக்கவில்லை. “எம்புட்டு நீளம்?” என்றான்.

அவளுக்கும் நாக்கு அரித்தது. “தலையத்தான் பார்த்தேன். வாலு கரைக்கு அங்குட்டுல்ல கெடந்துச்சு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டையூரிலிருந்து மூன்று கார்கள் வந்தன. பிறகு பஸ்ஸில் போகிறவர்களே “நிறுத்துங்க, பார்த்துட்டுப் போவோம்” என்று நச்சரித்தார்கள். தூரத்தில் மிதந்த பனந்துண்டைக் காட்டி “அந்தா!” என்று முதலில் கத்தியவன் முத்துக்கருப்பன்தான். அவித்த முட்டைக் கூடையோடு நடுவில் நின்ற பாத்திமுத்து, யார் கேட்டாலும், “நீங்களே பார்த்துக்கங்க, நான் எதுக்கு?” என்பாள்.

விசாரிக்க வந்த அதிகாரி ஒருவர் பனந்துண்டைக் கரையில் இழுத்துப் போட்டு, முதலை இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அதற்குள் கரையில் பஸ் நிறுத்தப் பலகை நட்டாயிற்று.

எல்லாம் அவள் நினைத்ததற்கு மேலாகவே நடந்தது. ஆனால் நாளாக ஆக அவளுக்கே தண்ணீரில் கால் வைக்கத் தயக்கம் வந்தது. பாசி காலில் உரசினாலும் அலறிக்கொண்டு கரையேறினாள். ‘இத்தனை பேர் பார்த்திருக்காங்களே’ என்று உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு.

எட்டு வருஷம் கழித்து, மனசு பொறுக்காமல் பக்கத்து வீட்டு அமீனாவிடம் உண்மையைச் சொன்னாள்.

அமீனாவின் முகம் சிவந்துவிட்டது. “என்ன லாத்தா பேசுறீக? நானே ரெண்டு தடவை பார்த்திருக்கேன். அப்ப நான் பொய்க்காரியா?”

மூன்று வாரம் பேச்சு வார்த்தை இல்லை. கடைசியில் பாத்திமுத்து ஆறு முட்டையை எடுத்துக்கொண்டு போய் அமீனாவின் வாசலில் நின்றாள்.

“முதலை இருக்குதுத்தா. நாந்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன்.”

“அப்படிச் சொல்லுங்க” என்று அமீனா முட்டையை வாங்கிக்கொண்டாள்.