ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் காற்று

சுங்கை பினாங் அடுக்குமாடியில் என் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளி ஒரு அண்ணன் குடியிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். உயரமான மனிதர், வீட்டில் எப்போதும் வெள்ளை பனியனும் கைலியும்தான். தம் சின்ன அறையின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, பெரிய டிவி, வீடியோ, ஆம்ப்ளிஃபயர், நான்கு ஸ்பீக்கர் வைத்துத் தியேட்டராக்கியிருந்தார். ஞாயிறு மதியம் அக்கம்பக்கத்தார் எட்டுப் பேர் அங்கே கூடுவோம்.

சூடு ஏறினால் ஆம்ப்ளிஃபயர் அணைந்துவிடும், அதுவும் கடைசிச் சண்டைக்குச் சற்று முன்னால். சத்தமில்லாத சண்டையை அவர் போடவே மாட்டார்; படத்தையும் நிறுத்திவிடுவார். ஐந்து வாரமாக எந்த வில்லனும் சாகவில்லை. அறையின் ஒரே மின்விசிறி ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தே சுற்றியது. பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் அதைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

"அண்ணே, எங்களுக்கும் கொஞ்சம் காத்து விடுங்க," என்றேன்.

"நீங்க சூடானா வேர்க்கும், அவ்வளவுதான். அது சூடானா படம் நின்னுரும் லா!"

ஆறாவது ஞாயிறு வெப்பமானியும் குறிப்பேடுமாகச் சீக்கிரமே போனேன். இயந்திரங்கள் மட்டும் அரை மணி நேரம் ஓடியபோது அறையில் முப்பத்தொரு டிகிரி. நாங்கள் எட்டுப் பேரும் உட்கார்ந்த அரை மணியில் முப்பத்தைந்து. என் குறிப்பேட்டை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"அப்போ மெஷின் மேல தப்பில்ல. ஆளுங்கதான் சூடு. எல்லாரும் எழும்புங்க!"

நாற்காலிகளை நடைபாதையில் போட்டு, திறந்த கதவு வழியாகப் பார்த்தோம். சண்டை நெருங்கியதும் அவரும் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். "நானும் ஒரு ஆள்தானே, தம்பி."

வில்லன் முழுச் சத்தத்தோடு செத்தான். கைதட்டினோம். அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆளில்லாத அறையில் காற்று வாங்கிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரையே பார்த்துப் பூரித்து நின்றார். அந்தத் தியேட்டரை யாருக்காகக் கட்டினார் என்று அன்று குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அது இன்னும் அப்படியே இருக்கிறது.