பெட்டிக்குள் ஓர் அபாயப் பொத்தான்

“பயனர் அனுபவ வடிவமைப்பாளர் செல்வி பெர்சிஸ், அனைவரின் கருத்தையும் அரவணைத்து, குழுவோடு கைகோத்து, இன்முகத்துடன் பணியாற்றித் தொழிலாளர் பாதுகாப்புச் செயலியை உருவாக்கியவர்” என்று எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் விருது விண்ணப்பத்தில் அச்சாகியிருக்கிறது. பெயர் சரி, தொழிலும் சரி.

அரவணைப்புக்கும் பெர்சிஸுக்கும் ரொம்ப நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. அம்மாவும் அப்பாவும் ஆசிரியர்கள். அடுத்தவர் தப்பைத் திருத்தாமல் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. திருத்தங்கல் வீட்டு மாடியில் உட்கார்ந்து பெங்களூர்க் கம்பெனிகளுக்குச் செயலித் திரைகள் வடிவமைத்துக் கொடுப்பவள். எல்லாரும் சேர்ந்து யோசித்தால் யாருக்கும் உதவாத ஒன்று நிச்சயம் கிடைக்கும் என்பது அவளுடைய தொழில் தத்துவம். அதை வாடிக்கையாளரிடமே சொல்லிவிடுவாள்.

பக்கத்து ஆலையில் நடந்த விபத்துக்குப் பிறகு முதலாளி தனுஷ்கோடி அவளைக் கூப்பிட்டார். எந்த அறையில் புகை வந்தாலும் போனில் ஒரு தட்டு. உடனே மொத்த ஆலைக்கும் எச்சரிக்கை போக வேண்டும், ஜனங்கள் வெளியே ஓடிவிட வேண்டும். நல்ல எண்ணந்தான். அதைப் பற்றிப் பேசக் கூட்டம் போட்டதுதான் வினை. செயலியைத் திறந்ததும் தன் அப்பாவின் படம் வர வேண்டும் என்றார் முதலாளி. அதற்கு மேலே அம்மன் படம் என்றார் முதலாளியம்மா. மருமகன் ஹரிஷ்குமார், ராக்கெட் ஒன்று சத்தத்தோடு வெடித்துப் பூவாய் விரிந்தால் “ஃபீல் வரும் மேடம்” என்றான்.

“தீப்பிடிச்சு ஓடுற மனுசன் ஒங்க அப்பாவக் கும்பிட்டுட்டுத்தான் ஓடணுமா அண்ணாச்சி?”

“கும்பிட்டா என்னம்மா, ஒரு செகண்டுதான?”

“அந்த ஒரு செகண்ட ஓடுறவுககிட்ட யாரு கேட்டு வாங்குறது?”

யாரும் வாங்கப் போகவில்லை. சண்டை வாரக்கணக்கில் நடந்தது. பொத்தானின் நிறம், அளவு, இடம் ஆகியவற்றில் பெர்சிஸ் ஜெயித்தாள். அப்பா, அம்மன், ராக்கெட் மூவரும் தங்கள் இடத்தில் தங்கினார்கள்.

சோதனை நாளன்று ஆலை வாசலில் நின்று ஹரிஷ்குமார் செயலியைத் திறந்தான். சத்தத்தை உச்சத்தில் வைத்திருந்தான். ராக்கெட் வெடித்தது. அறைகளில் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்த பெண்கள் செருப்பைக்கூடத் தேடாமல் கருவேலங்காட்டுக்குள் ஓடினார்கள். எச்சரிக்கை இன்னும் போகவே இல்லை, அது செயலியின் வரவேற்புதான்.

ஓடியவர்களில் ஒருத்தியான மூக்கம்மாள் முள் குத்திய காலோடு திரும்பி வந்தாள். “எவம்லே அங்கன வெடியப் போட்டது?” என்றவள், போனும் கையுமாக நின்றவனைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். “மாப்ளையா? நல்லாருக்கீகளா?”

“பாத்தீங்களா மேடம், எவ்வளவு சீக்கிரம் வெளிய வந்துட்டாங்க” என்றான் ஹரிஷ்குமார், பெருமையோடு.

பெர்சிஸ் பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் வாசலோரம் இருந்த மரப்பெட்டி கண்ணில் பட்டது. சின்னச் சின்னப் பொந்துகளில் ஆளுக்கொரு போன். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதைச் சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதிவைத்தவர் தனுஷ்கோடி. சற்று முன்பு பெர்சிஸும் தன் போனை அங்கேதான் வைத்திருந்தாள். பொத்தானின் நிறத்துக்காக அத்தனை வாரம் தொண்டை வறளச் சண்டை போட்டவளுக்கு, அந்தப் பொத்தான் எங்கே கிடக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

“உள்ள தீப்பிடிச்சா இத எப்பிடிக்கா தட்டுவீக?” என்று மூக்கம்மாளிடம் கேட்டாள்.

“வாசலுக்கு ஓடியாந்து, பெட்டியத் தொறந்து, எம்போன் எதுன்னு பாத்து, கோடு இழுத்துப் போன் பூட்டத் தொறக்கணும். அதுக்குள்ள எனக்குப் படையலே போட்டுருவாக தாயி.”

இந்த முறை பெர்சிஸ் கூட்டம் போடவில்லை. விருதுநகர் பாத்திரக்கடையில் ஒரு பெரிய பித்தளை மணி வாங்கினாள். இரும்பு உரசினால் பொறி பறக்கும், ஆலைக்குள் ஆகாது. வாசலில் மணியைக் கட்டி, கூரை விளிம்போடு கயிற்றை இழுத்து, அறைக்கு ஒரு முனை தொங்கவிட்டாள். “கை எட்டுதா?” என்றாள். “இன்னும் கொஞ்சம் எறக்கு” என்றாள் மூக்கம்மாள். இறக்கினாள். பயனர் ஆய்வு முடிந்தது.

“மணிய எப்பிடிம்மா விருதுக்கு அனுப்புறது? செயலின்னுல்ல கேட்டிருக்காக” என்று தனுஷ்கோடி வருத்தப்பட்டார்.

“செயலியவே அனுப்புங்க அண்ணாச்சி. மணியில கை வைக்காதீக.”

புரட்டாசியில், சீசன் உச்சத்தில், காயப்போட்ட சரக்கில் புகை எழுந்தது. மூக்கம்மாள் கயிற்றை இழுத்தாள். எல்லாரும் வெளியே வந்தபின் ஓர் அறையின் கூரை பறந்தது. ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை. பெட்டியில் போன்கள் பத்திரமாக இருந்தன, செயலியோடு.

விருது செயலிக்குக் கிடைத்தது. சால்வை முதலாளிக்கு. குழு உழைப்பின் மகத்துவம் பற்றி மேடையில் ஹரிஷ்குமார் பேசினான். கீழே உட்கார்ந்திருந்த பெர்சிஸ் அவன் பேச்சில் பிழை திருத்திக்கொண்டிருந்தாள்.

அவள் செய்தது இது: ஒரு மணி வாங்கி வாசலில் கட்டி, அதன் கயிற்றை எல்லார் கைக்கும் எட்டும்படி தொங்கவிட்டாள்.