கோட்டைக்காரர் வீட்டு ஜன்னல்

என் தங்கையின் புருஷனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கோட்டைக்காரர் என்பார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் அவருக்குச் சந்தோஷம்தான். திருடன் கை வைக்க முடியாதபடி வீட்டு ஜன்னல்களைப் பலப்படுத்திக் கொடுப்பது அவர் தொழில். கூடவே கேமரா, சைரன், போனிலேயே திறந்து மூடுகிற பூட்டு. அவர் கடையில் போன் எடுக்கிறதும், வருகிறவர்களை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுக்கிறதும் நான். அதனால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மூத்தவள் வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்பீர்கள். கம்பி போடுவது அவருக்கு ஆகாது. "கம்பி போட்டா வீடு ஜெயிலாயிடும். என் கண்ணாடியே போதும்" என்பார். சூடேற்றி இறுக்கிய கண்ணாடி, அதன் உள்பக்கம் கனமான பிளாஸ்டிக் பிலிம். மற்ற கடைக்காரர்கள் பிலிமைக் கண்ணாடி அளவுக்கு வெட்டி ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஓங்கி ஒரு உதை விட்டால் முழுக் கண்ணாடியும் ஒரே பாளமாய் உள்ளே விழும். இவர் பிலிமின் ஓரத்தைச் சட்டத்தோடு சேர்த்துப் பசை போட்டு இறுக்குவார், சட்டத்தைச் சுவருக்குள் போகும் நீள ஸ்க்ரூ போட்டு முடுக்குவார். கடையில் அப்படி ஒரு ஜன்னலும் பக்கத்தில் ஒரு சுத்தியலும் உண்டு. யார் வந்தாலும் அடித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடியாய் விரிந்து வெள்ளையாகிப் போகும், ஒரு சில்லுகூட விழாது. அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெற்ற பிள்ளை பரிசு வாங்கியதுபோல இருக்கும்.

பெற்ற பிள்ளை ஒன்றுதான். அவனுக்குக் கை நீளம். பழக்கம் கெட்டது, போதை பிடித்தது, அதற்குப் பிறகு வீட்டில் எதுவும் தங்கவில்லை. என் தங்கையின் வளையல் போனது, கடையிலிருந்த துளை போடுகிற மிஷின்கள் போயின. அந்த மிஷின்களை அவன் எடுத்த விதம்தான் அவர் மனதில் ஆணியாய் அறைந்துவிட்டது. "அப்பா, அம்மா நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு விழுந்துட்டா" என்று போன் பண்ணினான். மனிதர் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். வீட்டில் என் தங்கை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வருவதற்குள் கடை காலி. பொய் சொன்னவனை மன்னித்திருப்பாரோ என்னவோ, தெருவில் வெறுங்காலோடு ஓட வைத்தவனை அவரால் மன்னிக்க முடியவில்லை.

அன்றைக்கே அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். அப்புறம் தன் வீட்டையே கோட்டையாக்க ஆரம்பித்தார். என் தங்கை மகனை உள்ளே விட்டுவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். அதனால் வாசல் கதவில் உள்பக்கக் கைப்பிடியையே கழற்றினார். அவர் போனில் விரல் வைத்து அழுத்தினால்தான் கதவு திறக்கும். அவள் காய்கறிக் கடைக்குப் போகவேண்டுமானால்கூட அவருக்குப் போன் பண்ண வேண்டும். வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம், "உள்ளேர்ந்து கையால திறக்கிற வழி கட்டாயம் வேணும், ஆபத்துன்னா என்ன பண்ணுவீங்க?" என்று பாடம் நடத்துகிற மனுஷன் இவர். நான் கேட்டேன். "அது மத்தவங்க வீடு அக்கா" என்றார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

ஜன்னல் ஒன்று பாக்கி இருந்தது. மத்தியானத்தில் அவர் கடையிலிருக்கும்போது பையன் அங்கே வந்து நிற்பான். அவள் கண்ணாடியை ஒதுக்கிச் சாப்பாட்டைக் கொடுப்பாள். அதையும் கேமராவில் பார்த்தார். மறுநாளே அந்த ஜன்னலைத் திறக்கவே முடியாதபடி மாற்றினார், பிலிம் ஒட்டினார், தட்டினால் ஊரைக் கூட்டும் சைரனோடு இணைத்தார். வீட்டுக்குள்ளேயும் கேமரா வைக்கப் போனார். அன்றைக்கு மட்டும் அவள் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணித் தடுத்தாள். அதற்குப் பிறகும் பையன் வருவதை நிறுத்தவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள். பேச்சு கேட்காது. பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

அன்றைக்குக் கடையில் ஒரு துணிக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். புது வீட்டுக்கு ஜன்னல் போட வந்தவர். மேஜைமேல் இருந்த போன் கத்தியது. கோட்டைக்காரர் எடுத்துப் பார்த்தார். உடனே அதைத் துணிக்கடைக்காரர் பக்கம் திருப்பி, "பாருங்க சார், இப்பவே நேர்ல பாருங்க. என் வீடுதான்" என்றார்.

நானும் எட்டிப் பார்த்தேன். பையன் கேமராவுக்கு நேரே முகத்தை வைத்துக் கத்திக்கொண்டிருந்தான்.

"அப்பா! அம்மா விழுந்து கிடக்கறா! என் கண்ணு முன்னாடியே விழுந்தா! வாயெல்லாம் ஒரு பக்கமா இழுக்குது. கதவைத் திறங்கப்பா! நான் உள்ள வரலை, பக்கத்து வீட்டுக்காரங்க போகட்டும், திறந்து மட்டும் விடுங்க!"

"மாப்பிள்ளை, திறங்க!" என்றேன்.

"அக்கா, நீங்க சும்மா இருங்க. இதே பாட்டை ஏற்கெனவே பாடியிருக்கான்."

"அவன் அழறான், பாருங்க."

"அப்பவும்தான் அழுதான்."

நான் தங்கைக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. "எடுக்க மாட்டா. அவன் வந்து நிக்கறப்ப கடைலேர்ந்து வர்ற போனை அவ எப்பவும் எடுக்கறதில்லை, நான் திட்டுவேன்னு பயம்" என்றார். அதுவும் உண்மைதான், நாசமாய்ப் போன உண்மை. அந்தத் துணிக்கடைக்காரர்கூட, "எதுக்கும் திறந்துதான் விடுங்களேன் சார்" என்றார். "இப்படிப் பாவம் பார்க்கறவங்க வீட்லதான் சார் திருடன் புகுந்துடறான்" என்று சிரித்தார் இவர்.

நான் போனைப் பிடுங்கினேன். பிடுங்கி என்ன பண்ண? அவர் விரல் வைக்காமல் கதவு திறக்காது. அவர் கையை இழுத்து அதில் வைக்கப் பார்த்தேன். என்னைத் தள்ளிவிட்டார். நாற்காலியோடு போய் விழுந்தேன்.

எழுந்து போனில் பார்க்கும்போது பையன் பாறாங்கல் ஒன்றைத் தூக்கியிருந்தான். ஓங்கி அடித்தான். கண்ணாடி முழுக்க வெள்ளையாகிப் போயிற்று. சைரன் அலற ஆரம்பித்தது. அவன் அடித்தான், அடித்தான், கையால் குத்தினான், தோளால் மோதினான். ஒரு சில்லு விழவில்லை. "தாங்குது பாருங்க சார்" என்றார் என் தங்கையின் புருஷன். சத்தியமாய்ச் சொல்கிறேன், அதைத்தான் சொன்னார்.

தெருக்காரர்கள் ஓடி வந்தார்கள். அவன் திருடன் என்பது தெரு முழுக்கத் தெரியும், கல்லும் கையுமாய் நிற்கிறான், சைரன் வேறு கத்துகிறது. அவன் என்ன சொல்கிறான் என்பது அந்தச் சத்தத்தில் ஒருத்தர் காதிலும் விழவில்லை. கீழே போட்டு மிதித்தார்கள். நான் எதிர்வீட்டு அம்மாவுக்குப் போன் போட்டு, "அவனை விடுங்க, முதல்ல ஜன்னல் வழியா உள்ள பாருங்க!" என்று கத்தினேன். பாவம், அந்த அம்மா ஓடிப்போய்ப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலைங்க, கண்ணாடி முழுக்க வெள்ளையா இருக்கு" என்றாள். அவன் அடிப்பதற்கு முன்னால் வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அம்மாவைக் காப்பாற்ற அடித்த அடியிலேயே அம்மாவை மறைத்துவிட்டான் பாவிப்பயல்.

பையனைக் கட்டிப் போட்டுவிட்டதாகத் தகவல் வந்த பிறகுதான் கோட்டைக்காரர் கிளம்பினார். அதுவரை துணிக்கடைக்காரருக்குப் பூட்டு விஷயம் விளக்கிக்கொண்டிருந்தார். நான் முன்னாலேயே ஆட்டோ பிடித்து ஓடி, அந்தக் கதவில் என் தலையை முட்டிக்கொண்டு நின்றேன். அவர் வந்து விரலை வைத்தார். கதவு சத்தமில்லாமல் திறந்தது. என் தங்கை ஜன்னலுக்குக் கீழே, எச்சில் வழியக் கிடந்தாள். கண் திறந்திருந்தது. சைரன், அடி, மகனுடைய அலறல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேதான் கிடந்திருக்கிறாள்.

மூளைக்குப் போகும் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் நடமாடியிருப்பாள், பேசியிருப்பாள் என்றார். இவர் டாக்டரையே முறைத்தார். இப்போது அவளுக்கு ஒரு பக்கம் அசையாது, வாய் பேசாது. வாயில் கஞ்சியை நான்தான் ஊட்டுகிறேன். பையனுக்கு வலது கை எலும்பு நொறுங்கிவிட்டது, அதோடு வீடு உடைக்க வந்தான் என்று கேஸ். புகார் கொடுத்தது அப்பன். வாபஸ் வாங்குங்கள் என்று காலில் விழாத குறையாய்க் கெஞ்சினேன். "உடைக்க வந்தது பொய்யா அக்கா? வீடியோ இருக்கே" என்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் அவர் விட்டு நான் பார்க்கவில்லை. தப்பு என்று ஒப்புக்கொண்டால் அந்த மனுஷனுக்கு நிற்கத் தரை இருக்காது, அது எனக்குப் புரிகிறது. புரிவதால் என் ஆத்திரம் அடங்கிவிடவில்லை.

வேலையை உதறிவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். உதறினால் அந்தக் கதவை எனக்கு யார் திறப்பார்கள்? அவர் விரல் வைத்தால்தான் நான் என் தங்கையைப் பார்க்க முடியும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

கடையில் இப்போது சுத்தியல் இல்லை. அடித்துக் காட்டினால் ஒவ்வொரு தடவையும் ஒரு கண்ணாடி வீணாகிறதாம். அதற்குப் பதில் சுவரில் பெரிய டிவி மாட்டி அந்த வீடியோவை ஓட விடுகிறார். சத்தத்தை அணைத்துவிடுவார். எங்கள் பையன் கேமராவைப் பார்த்து வாயசைக்கிறான், கல்லைத் தூக்குகிறான், அடிக்கிறான், கண்ணாடி நிற்கிறது. வியாபாரம் சூடு பிடித்துவிட்டது.

நேற்று ஒரு அம்மாள் வந்தாள். நல்ல மாதிரி, என்னிடம் சிரித்துப் பேசினாள். வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அடிக்கறதுக்கு முன்னால என்னமோ சொல்றானே, என்ன சொல்றான்?" என்று கேட்டாள்.

"கெட்ட வார்த்தைம்மா. உங்க முன்னால சொல்ல முடியாது" என்றார் இவர்.

என்னால் முடியவில்லை. எழுந்தேன். "அம்மா விழுந்து கிடக்கறா, கதவைத் திறங்கப்பாங்கறான். அவன் இவரோட பையன். உள்ள விழுந்து கிடந்தது என் தங்கச்சி" என்றேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கண்கூடக் கலங்கிவிட்டது. அப்புறம் டிவி பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"ஆனா... கடைசி வரைக்கும் கண்ணாடி உடையலை, இல்லையா?"